ஓவு வரை

பாறசாலைப் பக்கத்துச் சிவன் கோயிலில் மாலை கட்டுகிறவர். முன்குடுமி, தோளில் எப்போதும் ஈரமான நேரியதுத் துண்டு. வட்டக் கருவறையைச் சுற்றும்போது, அபிஷேக நீர் விழும் ஓவை யாரும் தாண்டக்கூடாது; திரும்பி வந்து, மறுபக்கமாக அதே ஓவு வரை போகவேண்டும். இவர் மட்டும் ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு தெச்சிப்பூவை வைத்துவிட்டுத் திரும்புவார்.

எல்லைப் போராட்டத்துக்குக் கையெழுத்து வாங்கப் போன நான், "அண்ணாச்சி தமிழ்ப் பக்கமா, மலையாளப் பக்கமா?" என்றேன்.

"ரெண்டு பக்கமும் போவேன் மக்கா. நடுவுல கங்கை ஒழுகுதாக்கும், தாண்டப்பிடாது."

எரிச்சலோடு வந்துவிட்டேன்.

எங்கள் களியக்காவிளை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அவர் கோயில் கேரளத்திலேயே நின்றது. ஒருநாள் எல்லைச் சாவடி வரை வந்தவர், இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார். குறுக்குக் கம்பின்மேல் ஒரு தெச்சிப்பூவை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

நானாவது தாண்டிப் போயிருக்கலாம்.