ரசமட்டத்தின் வலது கால்

தொழிலில் அவருக்குப் பெயர் ரசமட்டம். நடுவில் நீர்க்குமிழி ஓடுகிற அந்த மட்டப் பலகை எல்லாக் கொத்தனாரிடமும் இருக்கும். இவரிடம் மட்டும் கிடையாது. அதனாலேயே அந்தப் பெயர் வந்தது.

தரையில் டைல்ஸ் ஒட்டி முடித்து, கலவை இறுகியதும் செருப்பை வாசலில் உதறிவிடுவார். கண்ணை மூடிக்கொள்வார். வெறுங்காலோடு வீட்டை ஒரு சுற்று நடப்பார். பின்னால் வீட்டுக்காரர், அவருக்குப் பின்னால் இஞ்சினியர், கோயில் யானைக்குப் பின்னால் போகிற மாதிரி எல்லாரும் போவார்கள். ஓரிடத்தில் டக்கென்று நிற்பார்.

"எடு அத."

கூடவே வேலை செய்கிற மச்சினன் முணுமுணுத்துக்கொண்டு இரும்பு மட்டக்கோலை வைத்துப் பார்ப்பான். தலைமுடி கனத்துக்கு ஓரம் தூக்கியிருக்கும். இஞ்சினியர் வாயைப் பிளப்பார். "நீங்க காலேஜ்ல படிச்சத நான் கால்ல படிச்சேன் சார்," என்று சொல்லிவிட்டு ரசமட்டம் டீ குடிக்கப் போய்விடுவார்.

நாலாம் வகுப்பைத் தாண்டாத ஆள். கலவைச் சட்டி சுமந்து, டைல்ஸ் வெட்டுகிற தூசி தின்று, யாருடைய தயவும் இல்லாமல் மேலே வந்தவர். சொந்தமாக வீடு கட்டினார். ஹாலுக்குப் பெரிய பெரிய சாம்பல் நிறக் கல்லாகத் தேடி எடுத்து, வேறு யாரையும் கைவைக்க விடாமல் தாமே ஒட்டினார். "இந்த ஹால்ல ஒரு ஓரம் தூக்கியிருக்குன்னு எவனாவது காட்டட்டும், மீசைய எடுத்துடறேன்," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சவால் விட்டார். வந்தவர்கள் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்கள். மனைவி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சர்க்கரை வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. மற்றவர்களுக்குச் சர்க்கரை என்றால் முகம் தொங்கிவிடும். இவர் அதைக்கூட அலட்சியமாகத்தான் சொல்வார். "உழைக்கிற ஒடம்பு. மாத்திரைய போட்டா அது ஒரு ஓரமா கெடக்கும்."

முதல் அடி ஒரு சமையலறையில் விழுந்தது. அங்கே இவர் போட்ட தரையில் கால் தட்டுகிறது என்று அந்த வீட்டம்மா போன் செய்தார். போய் வெறுங்காலோடு நடந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி நடந்தார். மச்சினன் குனிந்து கோலை வைத்தான்.

"மாமா, நாணயம் கனத்துக்கு நிக்குது."

"வீடு எறங்கியிருக்கும்டா. அஸ்திவாரம் சரியில்ல."

"ஒரு கல்லு மட்டும் தனியா ஏறுமா மாமா?"

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

அன்று வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாவிக்கொத்தால் உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார். பஞ்சுப் பொதியைக் கீறுவது போலிருந்தது. வெளியே வந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. ரசமட்டத்துக்குக் கால் மரத்துப்போச்சு என்று செய்தி பரவினால் அப்புறம் வேலைக்கு எவன் கூப்பிடுவான்? சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர், தலை நிமிராமல், "கால் மரத்துப்போற மாதிரி இருக்கா?" என்று கேட்டபோது, "என் காலா? நல்லா கேட்டீங்க போங்க," என்று சிரித்தார். டாக்டரும் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மேசைக்கு அடியில் இருந்த காலை அவரும் பார்க்கவில்லை, இவரும் காட்டவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள், வேலை நடந்த இடத்தில் படி இறங்கும்போது வலது கால் லேசாகப் பிசகியது. வலி என்று சொல்ல ஒன்றுமில்லை. சாயங்காலம் பார்த்தால் பாதம் புசுபுசுவென்று வீங்கிச் சிவந்திருந்தது. மனைவி கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தார்.

"என்னங்க இது, கொதிக்குது! இந்தக் கால் சில்லுனு இருக்கு, அந்தக் கால் அடுப்பு மாதிரி இருக்கு."

"வலிக்கலையே."

"வலிக்கலன்னா விட்டுடறதா? கெளம்புங்க."

தெருமுனை டாக்டர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, கிருமி என்றார். புண் இல்லை, காய்ச்சல் இல்லை, இருந்தாலும் கிருமிதான். மாத்திரை தந்தார். வயிறு கெட்டதே தவிர வீக்கம் போகவில்லை. அதைவிடப் பலமான மாத்திரை தந்தார். வயிறு இன்னும் பலமாகக் கெட்டது. அப்புறம் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, யூரிக் ஆசிட் கூடியிருக்கிறது, இது வாதம் என்றார்.

"வாதம்னா போர்வை பட்டாக்கூட உயிர் போற மாதிரி வலிக்கும்னு சொல்வாங்களே டாக்டர்? இவருக்கு வலியே இல்லையே?" என்றார் மனைவி.

"சில பேருக்கு அப்படித்தான் இருக்கும்மா."

"அந்தச் சில பேர்ல நம்மளும் ஒருத்தர்," என்று ரசமட்டம் எழுந்துகொண்டார், ஏதோ பரிசு வாங்கினவர் மாதிரி.

எலும்பு டாக்டர் படம் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்பெல்லாம் நல்லா இருக்கு. சாதாரணச் சுளுக்கு. இந்தப் பட்டையக் கட்டிக்கிட்டு வழக்கம்போல வேலையப் பாருங்க." சூடாக இருக்கிறது டாக்டர் என்று மனைவி வாயெடுப்பதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சர்க்கரை டாக்டரிடம் போனால் வேறு கதை. "சர்க்கரை ஏறியிருக்கே. வாக்கிங் போறீங்களா? தினமும் நல்லா நடக்கணும்."

நடக்கச் சொல்லிவிட்டால் போதாதா! ரசமட்டம் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. விடிந்ததும் மைதானத்தில் இறங்கி, மூச்சு வாங்குகிற வாலிபர்களை முந்திக்கொண்டு நடந்தார். "உங்களுக்கெல்லாம் வலி இருக்கு, எனக்கு இல்ல. அதான் வித்தியாசம்," என்று அவர்களைச் சீண்டினார். காலையில் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கும். பொழுது சாய்ந்தால் செருப்பு வார் தோலில் பதியும். மனைவி ராத்திரி சாப்பாடு போடும்போதெல்லாம் சொன்னார்: இன்னும் சுடுகிறது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டர்களும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தம்மா யாரிடம்தான் சொல்வது?

ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் மச்சினன் நின்றான்.

"மாமா, செருப்புல மணல் மாட்டியிருக்கு. நற நறன்னு சத்தம் வருது."

ரசமட்டம் செருப்பைக் கழற்றித் தட்டினார். ஒன்றும் விழவில்லை. சுவரில் அடித்துத் தட்டினார். மறுபடி போட்டு நடந்தார். நற நற.

"மட்டமான செருப்பு," என்றார். அன்றைக்கே புதுச் செருப்பு வாங்கினார். அதுவும் நறநறத்தது.

அந்த வாரமே குளித்துவிட்டு ஈரக்காலோடு ஹாலைக் கடந்து போனார். துடைக்க வந்த மனைவி கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டார். சாம்பல் நிறக் கல்லில் இடது காலின் ஈரத்தடம் எல்லார் தடத்தையும் போல நடுவில் வளைந்து ஒடுங்கியிருந்தது. வலது காலின் தடத்தில் வளைவே இல்லை. செங்கல்லை நனைத்து வைத்து எடுத்தது போல முழுசாகப் பதிந்திருந்தது. நடுவில் கொஞ்சம் புடைத்துக்கூட இருந்தது.

"இங்க வந்து பாருங்க."

வந்து பார்த்தார். தரையைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். இது அவர் கால். சட்டையை எடுத்து மாட்டினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் பாதத்துக்கென்றே ஒரு டாக்டரம்மா இருந்தார். கதவைத் திறந்துகொண்டு இவர் நடந்து வருவதைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஐயா, நில்லுங்க. அங்கயே உக்காருங்க. அந்தக் கால இனிமே தரையில வைக்கக் கூடாது."

ரசமட்டத்துக்குச் சுருக்கென்றது. "நான் நல்லாத்தான் நடக்கறேன்."

"அதுதான் பிரச்சினையே."

டாக்டரம்மா இரண்டு காலையும் மடியில் தூக்கி வைத்து, புறங்கையால் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அந்தக் காலைத் தொட்ட முதல் டாக்டர். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிய இழை ஒன்றை எடுத்தார். "கண்ண மூடிக்குங்க. உள்ளங்கால்ல நான் தொடும்போதெல்லாம் சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு காலால் பார்ப்பது! இது அவருக்குச் சொல்லியா தர வேண்டும்? மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். காத்திருந்து காத்திருந்து பொறுமை போய், "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்றார்.

"முடிச்சிட்டேன் ஐயா."

உடனே படம் எடுக்க அனுப்பினார்கள். டாக்டரம்மா புதிதாக எடுத்த படத்தைக் காட்டினார். பாதத்தின் நடு எலும்புகள் நொறுங்கி, இடம் மாறி, கொட்டி வைத்த ஜல்லி போலக் கிடந்தன. இதற்குப் பெயர் சார்கோட் பாதம் என்றார். சர்க்கரையால் நரம்பு செத்துப்போன காலில் சின்னப் பிசகு ஏற்பட்டாலும் உள்ளே எலும்பு கொதித்து இளகிவிடும். வலி இல்லாததால் ஆள் நடப்பார். நடக்க நடக்க நொறுங்கும். முதலில் எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். சிவப்பும் வீக்கமும் சூடும்தான் அடையாளம்.

"அப்பவே மாவுக்கட்டு போட்டு, கால ஊனாம வெச்சிருந்தா வளைவு தப்பிச்சிருக்கும். இனிமே இது இருக்கற மாதிரியே கூடிக்கட்டும். அதுக்கும் மாசக்கணக்குல காத்திருக்கணும். நடந்தா புண்ணு வரும், புண்ணு வந்தா காலே போகலாம்."

ரசமட்டத்துக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. "கிருமின்னான் ஒருத்தன், தின்னேன். வாதம்னான், அதுக்கும் தின்னேன். ஒண்ணுமில்லன்னான், வேலைக்குப் போனேன். நடன்னான், நடந்தேன்! சொன்னதத்தானே செஞ்சேன்? வலிச்சிருந்தா அன்னைக்கே உங்க வாசல்ல வந்து உக்காந்திருப்பேனே டாக்டரம்மா!"

"மரத்துப்போகுதான்னு யாருமே கேக்கலையா?"

மனைவி அவரைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்தார்.

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"ஊருக்கே தரை போடறவன் நான். என்னத்தச் சொல்ல?"

டாக்டரம்மா கட்டுப் போட ஆளைக் கூப்பிட்டார்.

முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டோடு, சக்கர நாற்காலியில் வீடு வந்து சேர்ந்தார். மச்சினன் தள்ளிக்கொண்டு வந்தான். "கால்ல சக்கரம் கட்டினவர்னு சொல்வாங்க, இப்ப நெசமாவே கட்டியாச்சு மாமா," என்று சிரிக்கப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. ஹாலுக்குள் நுழைந்து, ஜன்னல் பக்கம் திரும்பும்போது சக்கரம் ஓரிடத்தில் 'டொக்' என்று இடித்து ஏறியது. அவர் உடம்பு குலுங்கியது.

"பின்னால போ," என்றார். போனான். "வா." டொக்.

"மட்டக்கோல வை."

மச்சினன் தயங்கி, கோலை எடுத்து வந்து வைத்தான். அதற்கு அடியில் விரல் நுனி நுழைகிற இடைவெளி தெரிந்தது. மீசையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

"இது எப்பலேர்ந்து?"

"நீங்க ஒட்டின அன்னைலேர்ந்து," என்றார் மனைவி. "பெருக்கும்போது தெனமும் அங்கதான் தொடப்பம் மாட்டும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"கால் சுடுதுன்னு எத்தன தடவ சொன்னேன்? அதக் கேட்டீங்களா, இதக் கேக்கறதுக்கு?"

ரசமட்டம் அந்தக் கல்லை முறைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "உளியும் சுத்தியும் கொண்டாடா," என்று கத்திக்கொண்டு நாற்காலியின் பிடியை ஊன்றி எழப்போனார்.

"கால ஊனாதீங்க!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலறினார்கள்.

மாவுக்கட்டு தரையைத் தொடுவதற்கு முன்னால் அவர் நின்றுவிட்டார். காலை மெல்ல மேலே தூக்கினார். அதை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எடு அத," என்றார் மச்சினனிடம்.