ஒன்றேகால் அங்குலம்

நுரைச்சோலையில் றுமைஸா தைத்த சட்டை யாருக்கும் பொருந்தாமல் போனதில்லை. முகஸ்துதிக்குச் சொல்லவில்லை. எனக்கு ஒரு பக்க இடுப்பு கொஞ்சம் பருமன். அது எனக்கும் அவளுக்கும் மட்டுந்தான் தெரியும்; அவள் தைத்ததைப் போட்டால் ஊருக்குத் தெரியாது. உடம்பு எப்படியிருந்தாலும் துணி நேராக விழவேண்டும் என்பாள். அந்தக் கெட்டித்தனத்தை நானும் வாய் ஓயாமல் புகழ்ந்தவள்தான். இப்போது அதை நினைத்தால் நெஞ்சு வேகிறது.

நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு படிப்பிக்கிறேன். பெண் பிள்ளைகளின் கரப்பந்து அணிக்குப் பொறுப்பும் நான்தான். பந்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பயிற்சி கொடுப்பது முஸம்மில் சேர். பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றி, எண்ணி, கூட்டிப்போய், திரும்ப எண்ணி வீட்டில் சேர்ப்பது என் வேலை. அதோடு உடுப்பு வேலையும் என் தலையில்தான். டவுனில் அச்சடித்து விற்கும் ஜேர்சி இறுக்கம், கையும் கட்டை. அதைப் போட்டுக்கொண்டு விளையாட எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் விடமாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு வருடமும் துணி எடுத்துக்கொண்டு றுமைஸாவிடம் போவேன். முழுக்கை வைத்து, முழங்கால் வரை இறக்கி, உடம்பில் ஒட்டாமல் தாராளமாகத் தைப்பாள். பதினான்கு பிள்ளைகளின் அளவும் அவளுடைய நீலக் கொப்பியில் திகதியோடு இருக்கும்.

அந்தப் பதினான்கில் ஒருத்தி அவளுடைய மகள் ஸும்றா. இடக்கைக்காரி. சாப்பிடுவதையும் எழுதுவதையும் றுமைஸா அதட்டி அதட்டி வலக்கைக்கு மாற்றிவிட்டாள், பந்தை மட்டும் மாற்ற முடியவில்லை. நல்லவேளை என்றுதான் அப்போது நினைத்தோம். ஸும்றா சேர்விஸ் அடித்தால் வலைக்கு எதிரே நிற்கிறவர்களுக்குப் பந்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே பிடிபடாது. சிலாபத்தில் ஒருமுறை தொடர்ந்து ஒன்பது புள்ளி எடுத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு அடுத்த நாள் வகுப்பில் சைகையில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அவள் எட்டாம் வகுப்பில் இருக்கும்போதுதான் றுமைஸா முதன்முதலில் அதைக் கண்டாள். அளவு நாடா வைக்கும்போது மகளின் இடது தோள் கொஞ்சம் பதிந்திருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போய் முஸம்மில் சேரிடமே கேட்டாள்.

"அடிக்கிற தோள் அப்பிடித்தான் பதியும் ராத்தா. நல்லா அடிக்கிறவளுக்கு அதுதான் அடையாளம். எனக்கும் ஈக்குது பாருங்க" என்று அவர் தன் வலது தோளைக் காட்டினார்.

அவருக்கும் பதிந்துதான் இருந்தது. நான் பக்கத்தில் நின்று, எல்லாம் தெரிந்தவள் மாதிரித் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு யாராவது என்னை அன்றே அறைந்திருக்க வேண்டும். அதன்பிறகு பதிந்த தோள் எங்கள் அணியில் ஒரு பெருமையாகிவிட்டது. மற்றப் பிள்ளைகள் கண்ணாடிக்கு முன்னால் நின்று தங்களுக்கும் பதிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

தோள் பதிந்தால் சட்டையின் அந்தப் பக்கம் கீழே இறங்கித் தொங்கும். றுமைஸா விடுவாளா? இடது பக்கத்தைக் கால் அங்குலம் குறைத்து வெட்டி, தோளுக்குள் மடித்த துணியொன்றை வைத்துத் தைத்தாள். சட்டை நூல் பிடித்தது போல நேராக விழுந்தது. அடுத்த வருடம் அரை அங்குலம் குறைத்தாள். அதற்கடுத்த வருடம் முக்கால். பிறகு ஒன்று. பள்ளிச் சீருடை, பெருநாள் உடுப்பு, அபாயா எல்லாவற்றுக்கும் அதே வெட்டுத்தான். பெரிய பிள்ளையான பிறகு ஸும்றா உம்மாவுக்கு முன்னால்கூட உடுப்பு மாற்றமாட்டாள், அளவும் உடுத்த உடுப்பின் மேல்தான். அந்த முதுகை நான்கு வருடமாக ஒருவரும் பார்க்கவில்லை. அவளுக்கும் ஒரு வலி இல்லை, ஒரு குறை இல்லை.

பதினேழு வயதில் அவளை மாகாண அணித் தெரிவுக்குக் குருநாகலுக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் இருந்து அதுவரை ஒரு பெண் பிள்ளை போனதில்லை. அந்த அணியில் சேர்வதைத் தவிர ஸும்றாவுக்கு வேறு நினைப்பே இல்லை. அவளுடைய வாப்பா நஜாத் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் லொறியை நிறுத்திவிட்டு எங்கள் எல்லாரையும் வான் வண்டியில் ஏற்றி வழியனுப்பினார். றுமைஸாவும் வந்தாள்.

அங்கே எல்லாருக்கும் ஒரேமாதிரி மஞ்சள் ஜேர்சி கொடுத்தார்கள். ஸும்றா உள்ளே கறுப்பு முழுக்கைச் சட்டை போட்டு, மேலே அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். உம்மா தைக்காத சட்டையை அவள் போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இடது ஓரம் தொங்கியது. கழுத்து ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. றுமைஸா கைப்பையில் இருந்து ஊசியும் நூலும் எடுத்துவிட்டாள்.

"டீச்சர், இதைத் தைச்சவனுக்குக் கண் இல்லையா? ஒரு பக்கம் இறக்கி வெட்டீக்கான். அஞ்சு நிமிசம் தரச் சொல்லுங்க, நான் சரியாக்கித் தாறன்."

நான் மற்றப் பிள்ளைகளைப் பார்த்தேன். இருபது மஞ்சள் ஜேர்சிகள் நேராக நின்றன. "றுமைஸா, சட்டையில பிழை இல்லை" என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமலே அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஊசியைப் பிடித்தபடி நின்றாள்.

அங்கிருந்த பெண் டொக்டர் ஸும்றாவைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் குனியச் சொன்னார். பிறகு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். குனிந்த முதுகில் வலது பக்கம் மேடாக எழும்பியிருந்தது, முதுகெலும்பு பாம்பு போன தடம் மாதிரி வளைந்து போயிருந்தது. ஸும்றா குனிந்தபடியே கேட்டாள், "என்ன உம்மா? என்ன பாக்குறீங்க?" அன்று ஸும்றா மைதானத்தில் இறங்கவில்லை.

கொழும்பில் பெரிய டொக்டரிடம் போகும்போது பழைய மருந்துத் துண்டுகள், ரிப்போர்ட்டுகள் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள். காய்ச்சலுக்குக்கூட மருந்தெடுக்காத பிள்ளைக்கு என்ன துண்டு இருக்கும்? றுமைஸா தன்னிடம் இருந்ததைக் கொண்டுவந்தாள்.

"விளையாடினதாலயா வந்த?" என்று அவள் கேட்டாள். நான் சிங்களத்தில் கேட்டுச் சொன்னேன். விளையாடுகிறவர்களிடம் இது அப்படி ஒன்றும் அபூர்வமில்லை, சில விளையாட்டுகளில் கூடுதலாகவே காண்கிறோம் என்றார் டொக்டர். ஆனால் விளையாட்டுத்தான் வளைத்தது என்று இந்தப் பிள்ளை விஷயத்தில் அடித்துச் சொல்ல முடியாதாம். ஓடியாடுகிற பிள்ளைக்கு முதுகில் ஒரு நோய் இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை, அதனால்தான் பிந்திவிடுகிறது என்றார். பிறகு, எப்போதிருந்து என்று கேட்டார்.

றுமைஸா நீலக் கொப்பியை மேசையில் வைத்தாள்.

நான் ஒவ்வொரு பக்கமாகப் படித்துச் சொன்னேன். இடது கால் குறை. இடது அரை குறை. திகதிகளும் இருந்தன. கடைசிப் பக்கத்தில் ஒன்றேகால். டொக்டர் எக்ஸ்ரேயையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டாவது பக்கத்தில் விரலை வைத்து, இந்த நேரத்தில் கொண்டுவந்திருந்தால் முதுகுக்குப் பெல்ட் போட்டு வளைவை நிறுத்திப் பார்த்திருக்கலாம் என்றார். இப்போது வளர்த்தி முடிந்துவிட்டது, சத்திரசிகிச்சைதான். அதன்பிறகு நடக்கலாம், படிக்கலாம். பாய்ந்து அடிக்கிற விளையாட்டுக்கு மட்டும் அவர் ஓம் சொல்லமாட்டார்.

இதை நான் தமிழில் சொல்லத் தேவைப்படவில்லை. ஸும்றாவுக்குச் சிங்களம் தெரியும்.

திரும்பி வரும்போது பாலாவி தாண்டியதும் றுமைஸா மெல்லச் சொன்னாள். "நான்தான் மறைச்சீக்கேன் டீச்சர். வேற ஆரும் இல்ல." நானும் தலையாட்டியவள்தான் என்று சொன்னேன். அது அவளுக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கிழமையே அவள் கொப்பியைப் புரட்டி, ஒரு பக்கம் குறைத்து வெட்டிய இன்னும் இரண்டு பேருக்கு வட்டம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். டொக்டரிடம் காட்டியதில் ஒருத்திக்கு ஒன்றுமில்லை. மற்றவளுக்கு லேசான வளைவு. பன்னிரண்டு வயது, இப்போது பெல்ட் போட்டிருக்கிறாள். முஸம்மில் சேர் இப்போதெல்லாம் தோளைப் பற்றிப் பேசுவதில்லை.

ஸும்றாவின் முதுகில் கம்பி வைத்து எட்டு மாதமாகிறது. போன வாரம் எங்கள் பள்ளி மைதானத்தில் போட்டி. பார்க்க வருகிறேன் என்று அவள் சொன்னதால் கூட்டிவரப் போயிருந்தேன். உம்மா தைத்த பழைய ஜேர்சியைப் போட்டுக்கொண்டு அறையில் இருந்து வந்தாள். நேராக நின்றாள், இரண்டு தோளும் மட்டம். சட்டையின் இடது பக்கம் மட்டும் மேலே ஏறிக் கோணலாக நின்றது.

றுமைஸா பார்த்தாள். "கழட்டித் தா மகள், இறக்கித் தாறன்" என்று ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். இறக்குவதற்கு உள்ளே துணி இல்லை.

"மடிச்சு வச்சீக்கலாம் டீச்சர். நான் வெட்டிட்டேன்" என்று அந்த ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அழாதவள்.

ஸும்றா குனிய முடியாமல் நின்றபடியே உம்மாவின் கையை மெல்ல விடுவித்தாள். "ஈக்கட்டும் உம்மா. நான் விளையாடவா போறேன்?"

அந்தச் சட்டையோடுதான் வந்தாள். ஆட்டம் முடியும்வரை ஓரத்து வாங்குப் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.