பெரும்பாக்கம் ஆறாவது மாடிக்கு ஒரு கேன் தண்ணீர்

தண்ணீர் பாட்டில் வாங்காமல் ஒரு நாள் வெளியே சுற்றிவர முடியுமா என்று பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. வீட்டில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். வெளியே இறங்கினால் மட்டும் இருபது ரூபாய் பாட்டில் தானாகக் கைக்கு வந்துவிடுகிறது. போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்ப்பு அமைந்தது. முன்பு என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த ஸ்டெல்லா அக்கா பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார். "ஒரு தபா வூட்டுக்கு வாயேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

காலை ஒன்பதரைக்குக் கிழக்குத் தாம்பரத்தில் பேருந்து ஏறினேன். சாதாரண வண்டி, பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சேலையூர் கேம்ப் ரோட்டைத் தாண்டவே இருபது நிமிடம். கொண்டுபோன ஒரு லிட்டரும் மேடவாக்கத்துக்குள் தீர்ந்துவிட்டது.

"குடிக்கத் தண்ணி எங்கண்ணா பிடிக்கலாம்?" என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"இந்த வெயில்ல எங்கம்மா தேடுவ? கடையில வாங்கிக்க."

வாங்கவில்லை. அக்கா வீட்டுக் குழாயில் பிடித்துக்கொள்ளலாம் என்று வீம்பாக இருந்தேன்.

பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா கீழேயே நின்றிருந்தார். பக்கத்தில் இருபது லிட்டர் கேன்.

"லிஃப்ட் வேலை செய்யல. கேன் போடுறவரு ஆறு மாடி ஏற மாட்டேன்னு வெச்சுட்டுப் பூட்டாரு. அவரச் சொல்லி இன்னா பண்றது, அவருக்கும் முட்டி வலி."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். மூன்றாவது மாடியில் எனக்கு மூச்சு வாங்கியது. படியில் உட்கார்ந்தோம். கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன்.

"வீட்டுலதான் குழாய் இருக்கே அக்கா. காய்ச்சிக் குடிச்சா போதாதா?"

அக்கா கோபப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காச்சித்தான் குடுத்துகினு இருந்தேன். அப்பவும் போன வருசம் எம்பொண்ணு ஜெனிக்கு மஞ்சக்காமாலை. தண்ணியாலயா, பள்ளிக்கூடத்தாண்ட வாங்கித் தின்னதாலயான்னு டாக்டருக்கே தெரியல. கொழா மேல தப்பே இல்லாமகூட இருக்கலாம். ஆனா அவளுக்கு ஒரு டம்ளர் குடுக்கறப்போ என் கை நடுங்கக் கூடாது இல்ல?"

எழுந்து கேனைப் பிடித்தேன். ஐந்தாவது மாடியில் சத்தம் கேட்டு ஜெனியே இறங்கி வந்தாள். பத்தாவது படிக்கிற பெண், இப்போது நன்றாகத் தேறிவிட்டாள். "தள்ளுங்கக்கா" என்று என் பக்கத்தை வாங்கிக்கொண்டாள்.

கேனைத் திறந்ததும் முதல் டம்ளரை அக்கா என்னிடம் நீட்டினார். அவ்வளவு பாடுபட்டு ஏற்றிய தண்ணீர். "இருக்கட்டும் அக்கா, எனக்குக் குழாய்த் தண்ணியே போதும்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "உனக்கு மட்டும் ஏதாவது ஆனா பரவாயில்லையா?"

வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். கோடையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். வழியில் தீர்ந்தால் வாங்கிக் குடியுங்கள். வீம்பு தாகத்தைத் தீர்க்காது. நான் இன்னும் குழாய்த் தண்ணீரைத்தான் காய்ச்சிக் குடிக்கிறேன். ஆனால் கேன் வாங்குகிறவர்களிடம் ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டேன். மாடி வீட்டுக்கு யாரையாவது பார்க்கப் போனால், ஏறுவதற்கு முன் கீழே அவர்களுடைய கேன் ஏதும் நிற்கிறதா என்று மட்டும் ஒரு போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.