மைக் அக்கா சொன்ன ‘வா’

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்பார்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று காலையிலிருந்து தொண்டை வறளக் கத்துவாள். பயணிகள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, நேராக அவள் ஜன்னலுக்கே வந்து அதையே விசாரிப்பார்கள். வீட்டில் கணவரும் லேசுப்பட்டவர் இல்லை. அவள் பேச்சை மதித்த ஒரே ஜீவன் உருண்டைதான். நான்கு மாத நாய்க்குட்டி.

அதுவும் சும்மா மதித்துவிடவில்லை. கால்நடை மருத்துவர் சொன்ன விதி ஒன்றை இரண்டு மாதமாகக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தாள். ‘வா’ என்று ஒருமுறைதான் கூப்பிட வேண்டும்; வந்தால் அதற்கு நல்லது மட்டும்தான் நடக்க வேண்டும். குளிப்பாட்டவோ ஊசி போடவோ என்றால் கூப்பிட மாட்டாள். அவளே கட்டிலுக்கடியில் தவழ்ந்து போய்த் தூக்கி வருவாள். "மகாராணி மாதிரி நடத்துற!" என்று கணவர் கேலி செய்வார். செய்யட்டும் என்று விட்டுவிடுவாள்.

ஒரு மதியம் வேலை நேரத்தில் அவர் போன் செய்தார். "உருண்டை கட்டிலுக்கடியில போய் உக்காந்துக்கிச்சு. சாப்பாடு வச்சாலும் வரவே மாட்டேங்குது. ஸ்பீக்கர்ல போடறேன், நீ கூப்பிடு."

"உருண்டை, வா!"

"வந்துடுச்சு, வந்துடுச்சு" என்றார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. டிக்கெட் கொடுப்பவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

மாலையில் வீடு திரும்பினால் குட்டியைக் காணோம்.

"எங்க ஆபீசர் சம்சாரம் ரொம்ப ஆசைப்பட்டாங்க, குடுத்துட்டேன். பெரிய வீடு, நல்லா இருக்கும்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா நீ கூப்பிட்டிருப்பியா?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கொடுத்தது அவர், பிடித்துக் கொடுத்தது அவள் குரல். கட்டிய கணவரே இப்படிக் கழுத்தறுப்பார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. அதன் பிறகு அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலை அந்த ஆபீசரின் மனைவியே கூப்பிட்டாள். கணவர் எங்கேயோ பார்த்தபடி போனை நீட்டினார்.

"சோபாவுக்கடியில புகுந்துக்கிட்டுத் தண்ணிகூடக் குடிக்கலம்மா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், ஒரு தடவை கூப்பிடுங்களேன்."

"மாட்டேங்க. நீங்களே குனிஞ்சு மெதுவா எடுங்க. என்னை நம்பி அது ஒரு தடவை ஏமாந்தது போதும்."

‘வா’ என்று அவள் சொல்லவே இல்லை.

"அட, உங்க குரல் கேட்டதுமே ஓடி வந்துடுச்சு!" என்று அந்த அம்மாள் சிரித்தாள். "போனைச் சுத்திச் சுத்தி உங்களைத் தேடுது பாருங்க."