சூசைக்காக நான் குடிச்ச ஆறு கிளாஸு

புயல் அடிச்சு எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெ படிஞ்சு, வலையும் கயிறும் தாரு மாதிரி கறுத்துப் போச்சு பாருங்கோ, அந்த வருசம் இல்ல. அதுக்கப்பால ரெண்டாவதா வந்துச்சே மீன்புடி தடைக்காலம், அந்த மே மாசத்து வெயில்லதான் நான் பெங்களூரு போனேன். காசிமேட்டுல பெரிய போட்டெல்லாம் கட்டிப் போட்டுக் கெடக்குது. ஆம்பளைங்கல்லாம் வல பின்னிகினு சீட்டாடிகினு கீறாங்கோ. நமக்கும் வேல இல்ல.

நான் எல்லப்பன். முகத்துவாரக்குப்பத்துல பொறந்து, பொண்ணு கட்டுன வகையில ராயபுரம் வந்தவன். போட்டுல எனக்கு ஐஸ் ரூமு வேல. மீன ஐஸ்ல அடுக்கி, கெடாம கரைக்குக் கொணாந்து குடுக்கணும். படிப்பு ஏறல. நான் சொல்லச் சொல்ல எழுதினுகீறவரு டீக்கடை பெஞ்சுல எதிர்ல குந்தினுகீறாரு. தப்பு எதுனா இருந்தா அவரு கணக்குல போட்டுக்கோங்கோ.

நான் போனது பீரு குடிக்க. என் ஆசைக்கு இல்ல, சூசைக்காக.

சூசை என் தோஸ்து. ஹார்பர்ல கிரேன் ஓட்டினவன். மேல குந்திகினு கீழ நிக்கற லாரில மூட்டைய கொழந்தைய தொட்டில்ல போடற மாதிரி எறக்குவான். கீழ எறங்கினா மட்டும் அவன தூக்க நாலு பேரு வேணும், அப்பேர்ப்பட்ட குடி. ஒயின்ஷாப் வாசல்ல அவன் பொண்ணு ரீட்டா ஸ்கூல் டிரஸ்ஸோட நின்னுகினு, உள்ள வராம, "அப்பா, அப்பா"ன்னு கூப்புடும். அந்தப் பொண்ணு பத்தாவது படிக்கறப்ப ஒரு நாளு கோயில்ல மாதா முன்னாடி மெழுகுவர்த்தி ஏத்தி வுட்டான் பாருங்கோ, வுட்டதுதான். கல்யாணத்துல குடுக்கற ஒயினக்கூட தொடமாட்டான்.

அப்பேர்ப்பட்டவன் பொண்ணு பெரிய படிப்பு படிச்சு, பெங்களூர்ல பீரு காச்சற வேலைக்குப் போச்சு. கம்பெனி பீரு இல்ல. கடையிலயே அண்டா வெச்சு, அங்கயே காச்சி, அங்கயே ஊத்தறது. சூசைக்கு விசயம் தெரிஞ்சதும், "நான் வுட்ட எழவ நீ கைல எடுத்துகினியா? அந்த வேலைய வுட்டுட்டு வா, இல்லாங்காட்டி வூட்டுக்கு வராத"ன்னுட்டான். அவளும் அப்பன் பொண்ணுதான். ரெண்டு கிறிஸ்மஸ் வரல.

இந்த தடைக்காலத்துல ஒரு நாளு பீச்சு ரோட்டுல குந்தினுகீறோம். திடீர்னு கேக்கறான், "மாமு, அவ நல்லா பண்றாளா?"

"இன்னாத்த?"

"அந்த கருமத்தத்தான். தொழில்னு எடுத்தா ஒயுங்கா பண்ணணும்ல. நான் போவ முடியாது, வாயில வெக்க முடியாது. நீ போயி குடிச்சிப் பாத்துட்டு வந்து சொல்லு. பொய் சொன்னா கண்டுபுடிச்சிடுவேன்."

பொண்ணு நல்லாப் பண்ணுதுன்னு நான் வந்து சொன்னா அவன் மனசு எறங்கும். அது எனக்குத் தெரியும். அவன் சம்சாரம் ஞானம்மாவுக்கும் தெரியும். மறுநாளே பழய சட்டை ஒண்ண இஸ்திரி போட்டு என் கைல குடுத்துச்சு, "கலீஜா போவாதீங்கண்ணே, பொண்ணு மானம் போவும்"னு.

வெறுங்கையோட போவலாமா? பெரிய போட்டுதான் போவக் கூடாது, சின்ன போட்டு போவுது. குப்பத்துல எங்க ஆளுங்க கைல சங்கராவும் நெத்திலியும் வாங்கி, தெர்மாகோல் பொட்டில ஐஸ் தூளு போட்டு அடுக்கினேன். விடிகாலைல ஆட்டோக்காரன் பொட்டிய பாத்துட்டு, "ஒழுகுமா நைனா?"ன்னான்.

"நான் அடுக்கினது ஒழுகினா நீ துட்டே குடுக்க வேணாம்."

"துட்டு குடுக்கறது நீயாச்சே!"

சென்ட்ரலுக்கு நூத்தம்பது கேட்டான், நூறுக்கு முடிச்சேன். ஒழுகல.

ஏழே முக்கா மணி சுமாருக்கு வண்டி. உக்காந்து போற சீட்டு, எரநூறு ரூபாக்குள்ள. பெங்களூரு முந்நூத்தி அறுவது கிலோமீட்டரு. அரக்கோணம் வரைக்கும் நம்ம ஊரு வேர்வ, காட்பாடில இட்லி வட, ஜோலார்பேட்ட தாண்டினா மலை. குப்பம்னு ஒரு ஸ்டேசன் வருது. குப்பம்னு பேரு வெச்சுகினு கடலே இல்லாம ஒரு ஊரு! அதுக்கப்பால சன்னல்ல வர்ற காத்து நம்ம கைல மரியாதயா நடந்துக்குது. ஒண்ணர மணி வாக்குல போய் சேந்தேன்.

ரீட்டா ஸ்டேசனுக்கே வந்திருந்துச்சு. மூஞ்சப் பாத்தா அப்பன் சாயல், அதே புருவம். பொட்டிய தொறந்து நெத்திலிய மோந்து பாத்துட்டு, "நேத்து ராத்திரி புடிச்சதா மாமா?"ன்னுச்சு. மூக்குன்னா அது மூக்கு. அப்பால மெதுவா, "அப்பா அனுப்பிச்சாரா?"

"நானா வந்தேன்."

"பொய்."

அதுக்கும் கண்டுபுடிக்கற புத்தி. குடும்பத்துக்கே கீது.

சாயந்தரம் அஞ்சு மணிக்கு இந்திராநகர்ல அந்த எடத்துக்கு இட்டுகினு போச்சு. மாடி மேல. நான் நெனச்சது இருட்டு, சிகரெட்டு பொக, கீழ எறா தோலு. அங்க பாத்தா பொம்பளைங்க புள்ளகுட்டியோட குந்தினு உருளக்கெழங்கு சாப்பிடறாங்கோ. கண்ணாடிக்கு அப்பால பெரிய பெரிய தாமிர அண்டா. ரீட்டா வெள்ள கம்பூட்ஸ் மாட்டிகினு அண்டாவ கழுவுது. நம்ம ஹார்பர்ல எறா கம்பெனி பொண்ணுங்க போடுமே, அதே பூட்ஸு. பீரு காச்சறதுல முக்காவாசி வேல கழுவறதுதானாம். எனக்கு அங்கயே மனசுல மார்க்கு ஏறிடுச்சு. ஐஸ் ரூமும் அதேதான்.

பலக ஒண்ணுல ஆறு சின்ன கிளாஸு வந்துச்சு. அட்டைல வெல அறுநூறு ரூபான்னு போட்டிருந்துச்சாம். ரீட்டா என் பக்கத்துல குந்தி, "மாமா, பத்துக்கு எத்தினின்னு மார்க்கு போடுங்க"ன்னுச்சு. பத்துக்கு நான் எந்த மீனையும் மார்க்கு போட்டதில்ல. எனக்குத் தெரிஞ்ச வழில போடறேன்னேன்.

மொதல்ல கோதும பீரு. கலங்கலா கீது, வாழப்பழ வாசன. "பழம் போட்டியா?"ன்னேன். இல்லியாம், ஈஸ்டே அப்படி வாசன குடுக்குமாம். இது சங்கரா. யாரு வூட்ல செஞ்சாலும் நல்லாருக்கும், யாரும் கொற சொல்லமாட்டாங்கோ.

ரெண்டாவது பில்ஸ்னர்னு ஒண்ணு. கண்ணாடி மாதிரி. நாக்குல பட்டுது, போச்சு, அப்பால லேசா கசப்பு ஒண்ணு திரும்பிப் பாத்துட்டுப் போவுது. மறைக்க எடமே இல்லாத பீரு. வஞ்சிரம். நான் கண்ண மூடிகினு சொன்னேன்.

மூணாவது ஐபிஏ. சாத்துக்குடி தோல கடிச்ச மாதிரி வாசன, அப்பால வேப்பம்பூ கசப்பு. மொத வாயி தூக்கிப் போட்டுது, மூணாவது வாயில தோஸ்து ஆயிடுச்சு. இது கெளுத்தி. முள்ளு எங்கன்னு தெரிஞ்சவன் கைல ஒண்ணியும் பண்ணாது.

நாலாவது செவப்பா ஒண்ணு. குடிச்சேன், வெச்சிட்டேன்.

"இன்னா மாமா?"

"மத்தி. அதுவும் ரெண்டு நாளு மத்தி."

கோவிச்சிக்கும்னு பாத்தா தலய ஆட்டுது. "ஆமா, சூடு தப்பிடுச்சு. நாளைக்கு கீழ ஊத்திடுவேன்." கெட்டத கெட்டதுன்னு ஒத்துக்கறவ தொழில்காரி. இத்த மறக்காம சூசை கைல சொல்லணும்னு நெனச்சுகினேன்.

அஞ்சாவது ஸ்டவுட்டு. கன்னங்கரேல்னு, கருக வறுத்த காப்பிக்கொட்ட வாசன. சுறா. ஆறிப்போனாலும் ருசி கொறையாது, வயசானவனுக்கு ஏத்தது.

கடசி கிளாஸு. வாயில வெச்சதும் நான் இந்திராநகர்ல இல்லீங்கோ. புளிப்பு, உப்பு, கொத்தமல்லி வெத வாசன, பச்ச மாங்கா. ஸ்கூல் வுட்டு வர்ற புள்ளைங்க பீச்சு ரோட்ல மாங்கா பத்தைய உப்பு தடவி வாங்கித் துன்னுமே, அது.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. நானே பண்ணது."

"நெத்திலி."

"வஞ்சிரம் இல்லியா மாமா?" மூஞ்சி சுருங்கிடுச்சு.

"வஞ்சிரம் வருசத்துக்கு நாலு தபா. நெத்திலி தெனம். சட்டி காலியாவறது எதுன்னு உங்கம்மாவ கேளு."

சிரிச்சுது. அப்பால அண்டாவப் பாத்துகினே சொல்லுச்சு. "அப்பா குடிச்சிட்டு வர்றப்போ மூச்ச புடிச்சிகினுதான் மாமா கதவ தொறப்பேன். அதே மூக்க வெச்சுதான் இன்னிக்கு சம்பாரிக்கறேன். அவருக்கு இத்த எப்படி சொல்றது?"

பதில அதுவே வெச்சிருந்துச்சு. பார்லி தண்ணிய கொதிக்க வெச்சு, ஈஸ்ட் போடறதுக்கு முந்தி எடுத்தா அதுல போத ஒண்ணியும் கெடையாது, வெறும் இனிப்பு. நம்ம ஊர்ல பதனி கீது, கள்ளு கீது இல்ல? இது பதனி. மாதா முன்னாடி சொன்ன சத்தியத்துக்கு ஒரு கேடும் இல்ல. ஒரு லிட்டர் பாட்டில்ல ஊத்தி என் கைல குடுத்துச்சு. "சூடு பட்டா வழிலயே பொங்கி போத ஏற ஆரம்பிச்சிடும் மாமா. அப்படி ஆச்சுன்னா அப்பா சத்தியம் என்னால ஒடைஞ்சதாயிடும். ஜில்லுன்னு போயி சேரணும்."

"ஆரு கைல சொல்ற?"ன்னேன்.

ரெண்டு நீல ஜெல் பை குடுத்துச்சு. பெனாயில் பாக்கெட்டு மாதிரி கீது. அது ஐஸா? ராத்திரி அவ வூட்டுலதான் படுத்தேன். விடிகாலைல அவ குளிக்கப் போன நேரத்துல, அந்த பீரு கடையிலருந்து கேட்டு வாங்கி வந்த ஐஸ ஒடச்சு, அவ சமையக்கட்டுல கெடச்ச கல்லுப்ப ரெண்டு கை அள்ளிப் போட்டு, போட்டுல அடுக்கற மாதிரி அடுக்கி டேப்பு சுத்திட்டேன். உப்பு போட்ட ஐஸு கல்லையும் நடுங்க வைக்கும்.

காலைல ஆறேகால் வண்டி. பொட்டி என் காலுக்கு நடுவுல. பங்காருபேட்டைல அரக்கோணத்துக்குப் போற அம்மா ஒண்ணு ஏறி, மூக்க மூடிச்சு. "பொட்டில இன்னா தாத்தா?"

"ஒண்ணும் இல்லம்மா. பார்லி தண்ணி."

"மீன் நாறுது."

"அது போறப்ப கொண்டு போன மீனு."

அந்தம்மா பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட திரும்பி, "பெங்களூர்லருந்து மெட்ராசுக்கு மீன் கொண்டு போற மொத ஆள இன்னிக்குதான் பாக்கறேன்"னுச்சு. கம்பார்ட்மெண்டே சிரிச்சுது. நான் கண்டுக்கல. ஒவ்வொரு ஸ்டேசன்லயும் பொட்டி மேல கைய வெச்சுப் பாக்கறேன். ஜில்லுன்னு கீது. காட்பாடில கொளுத்தற வெயில்லயும் ஜில்லு. அப்படி ஒரு பெருமை எனக்கு.

பகல் பன்னெண்டரைக்கு சென்ட்ரல், ஒரு மணிக்கு ராயபுரம். சூசை வாசல்லயே நின்னுகினுகீறான். பொட்டிய தொறந்தா பாட்டிலு வவுறு உப்பி, கருங்கல்லு மாதிரி ஒறஞ்சு கெடக்குது. தட்டினா டங்குன்னு சத்தம்.

"இன்னா மாமு, பொண்ணு செங்கல்லு அனுப்பிச்சிகீறாளா?"

உருகணும். வேற வழி இல்ல. பாட்டில மேசை மேல வெச்சு ரெண்டு பேரும் எதிர்ல குந்தினோம். பாட்டிலு சீக்கிரம் உருகியிருந்தா, வாயில வெச்சுட்டு எழுந்து போயிருப்பான். உருகல. அதனால ஆறு கிளாஸு கதையும் கேட்டான். பூட்ஸு, கழுவறது, மத்திய கீழ ஊத்தறேன்னது, எல்லாம். மூச்ச புடிச்சிகினு கதவ தொறந்த கதையையும் சொல்லிட்டேன். அப்போ எழுந்து போயி மூஞ்சி கழுவிகினு வந்தான். நான் தெருப் பக்கம் பாத்துகினேன்.

அடியில கொஞ்சம் உருகினதும் அவனால தாங்கல. மூடிய காது கிட்ட வெச்சு திருகினான். பொங்கியிருந்தா வர்ற புஸ்ஸு சத்தம் அவனுக்கு நல்லாத் தெரியும். சத்தம் இல்ல. மோந்து பாத்தான். டம்ளர்ல கால்வாசி ஊத்தி, மாதா படத்த ஒரு தபா பாத்துட்டு குடிச்சான்.

"இன்னாடா இது, பாகு! இனிப்பு தூக்கல். ரொம்ப தூக்கல். வாசன மட்டும் பஸ்ட் கிளாஸ்."

எனக்கு சங்கடமாப் போச்சு. வெளிய வந்து ரீட்டாவுக்கு போன் போட்டேன். அது கேட்ட மொத கேள்வி, "உப்பு போட்டீங்களா?" அப்பால சிரிச்சுகினே சொல்லுச்சு, தண்ணிதான் மொதல்ல ஒறையுமாம், உருகறப்ப சக்கரதான் மொதல்ல எறங்குமாம். முழுசா உருகி, குலுக்கி ஊத்தியிருக்கணுமாம். கோளாறு பண்ணது பொண்ணு இல்ல, என் ஐஸு.

இத்த சொல்லத்தான் உள்ள போனேன். அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் உருகி, ஞானம்மா ஒரு டம்ளர் குடிச்சிட்டு, "இனிப்பா? வெறும் தண்ணியா கீது, உன் நாக்குல இன்னா கோளாறு?"ன்னு ஏறிகினு கீது. சூசை வுடல. "நாக்கப் பத்தி நீ பேசாத! இனிப்பு தூக்கல்தான். இத்த அவளுக்கு போன்ல சொன்னா புரியாது. அண்டா பக்கத்துல நின்னு சொல்லணும். மாமு, அந்த காலை வண்டிக்கு எங்க டிக்கெட் எடுக்கறது?"

நான் வாய மூடிகினேன். ஐஸ் ரூமுல இத்தினி வருசம் வேல செஞ்சவன், வாழ்நாள்ல ஒரே ஒரு சரக்க கெடுத்தேன். அதுதான் நல்ல வெலைக்குப் போச்சு.

பெங்களூருக் காத்து சொகம்தான். ஆனா அங்க எவனும் இன்னொருத்தன் நாக்க பத்தி சண்ட போடறதில்ல. ராயபுரம் ராயபுரம்தான்.

சூசை வர்ற வாரம் போறான். ஞானம்மாவும் போவுது. ரீட்டா கைல நான் போன்ல சொல்லிட்டேன், ஆனா அது நியாயம் பேசற பொண்ணு, வாயில நிக்காது. நாலு பேரு சொன்னாதான் கேக்கும். அதனால அந்தப் பக்கம் போறவங்க, கண்ணாடிக்கு அப்பால தாமிர அண்டா தெரியற மாடில, வெள்ள பூட்ஸு போட்ட ராயபுரத்துப் பொண்ணு எங்கன்னு கேளுங்கோ. எல்லப்ப மாமா சொல்லச் சொன்னாருன்னு சொல்லுங்கோ: உங்கப்பன் வந்து இனிப்பு தூக்கல்னா, ஐஸு உப்பு கதைய எடுக்காத. "ஆமாம்பா, கொறச்சிட்டேன், இப்ப பாரு"ன்னு ஒரு டம்ளர் ஊத்திக் குடு.