பாப்பாயி விட்ட இறங்கு ஏலம்

மலைமேல் சோளக்காட்டுச் சந்தையில் பாப்பாயி பலாப்பழ ஏலம் விட்டால், பஸ் பிடிக்க ஓடுகிறவர்களும் ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள். அப்படியொரு குரல். எதிரே டீக்கடை வைத்திருக்கும் எனக்கு அது இன்னும் சலிக்கவில்லை. விலை தெரியாமல் ஒரு வாழைப்பூவைக்கூடத் தொட மாட்டாள் அவள்.

அவள் புருஷன் சின்னான் மிளகு பறிக்கிறவன். போன கார்த்திகையில் அவனுக்குக் குடலிறக்கம். அடிவயிற்றில் எலுமிச்சை அளவு புடைப்பு. தை பிறந்தால் மிளகு பழுத்துவிடும். அதற்குள் ஆபரேஷன் ஆகாவிட்டால் வயிற்றில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மரம் ஏறிவிடுவான். குடல் முறுக்கிக்கொண்டால் உயிர் போய்விடும் என்று ஸ்கேன் எடுத்த இடத்தில் சொல்லிவிட்டார்கள். இலவசமாகச் செய்யும் இடத்தில் வரிசை நீளம். அடிவாரத்துத் தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டால் எல்லோரும் ஒரே பாட்டுத்தான்: "நேர்ல வாங்கம்மா, பாத்துட்டுச் சொல்றோம்."

எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சீப்பு பழத்துக்கு விலை உண்டு, கைக்காசு போட்டு வைத்தியம் பார்க்கிறவன் மட்டும் விலை கேட்கக் கூடாதா? யாரும் கேட்காததால்தானே இஷ்டத்துக்குத் தீட்டுகிறார்கள்.

மறுநாள் பலா ஏலம் முடிந்த கையோடு பாப்பாயி பழப்பெட்டி மேல் ஏறி நின்றாள். போனில் ஸ்பீக்கரைப் போட்டாள். "ஏனுங்க, இங்க சந்தையே கேட்டுக்கிட்டு நிக்குது. ஸ்கேன் கையில இருக்குது. எல்லா ஆஸ்பத்திரிக்கும் போன் போடறேன். கொடலெறக்க ஆபரேஷனுக்கு உங்க வெலை என்னங்க?"

அந்தப் பக்கம் தயங்கித் தயங்கி எழுபதாயிரம் என்றார்கள்.

"எழுபது ஒரு தரம்! அதுக்கு மேல கேக்கறவங்க கேக்கலாமுங்க!"

பழக்கதோஷம். சந்தையே விழுந்து விழுந்து சிரித்தது. "அக்கா, எறக்கோணும்!" என்று மிளகுக்கடை செல்வம் கத்தினான். பாப்பாயி நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்த நம்பரைப் போட்டாள். எழுபது என்று கேட்டதும் அவர்கள் அறுபதுக்கு வந்தார்கள். என் கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்ததை நான் கவனிக்கவே இல்லை.

மூன்றாவது போனை டாக்டர் மேனகாவே எடுத்தார். சின்ன ஆஸ்பத்திரி, சொந்தமாக நடத்துகிறவர். "நாப்பத்தஞ்சுங்க. ரூம், மருந்து, உள்ள வைக்கிற வலை, எல்லாம் சேர்த்து."

நாலாவது ஆள் முப்பது என்றார். கூட்டம் ஹோவென்று கத்தியது. பாப்பாயி கையை உயர்த்தி அடக்கினாள். "அதுல என்னென்னங்க அடக்கம்?"

"அதெல்லாம் வந்தப்பறம் பேசிக்கலாம்மா."

போனை வைத்துவிட்டாள். மறுபடி மேனகாவைக் கூப்பிட்டு, "நாப்பத்தஞ்சு ஒரு தரம், ரெண்டு தரம்" என்றவள் நின்றாள். ஏலத்தில் இருப்பது தன் புருஷன் உயிர் என்பது அப்போதுதான் உறைத்ததோ என்னவோ, பெட்டியிலிருந்து இறங்கி, போனை வாயருகே வைத்து மெதுவாகச் சொன்னாள். "மூணு தரம்."

ஆபரேஷன் அன்று நானும் துணைக்குப் போயிருந்தேன். பாதியில் மேனகா வெளியே வந்தார். "அடுத்த பக்கமும் இறக்கம் ஆரம்பிச்சிருக்குதுங்க. இப்பவே சேர்த்துத் தைச்சுடட்டுங்களா?"

நான் பாப்பாயியைப் பார்த்தேன். இப்போது விலை கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. "செஞ்சுடுங்க கண்ணு" என்றாள். அவள் விலை கேட்காமல் ஒப்புக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

பிழைத்துக்கொண்டான் சின்னான். வீட்டுக்குக் கிளம்பும் நாள், பாப்பாயி அடுத்த பக்கத்துக்கும் சேர்த்து மிளகுக்கடையில் முன்பணம் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். பில்லை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். நாற்பத்தைந்துதான்.

"ரெண்டு பக்கமும் பண்ணுனீங்களே கண்ணு?"

மேனகா சிரித்தார். "மூணு தரம் சொல்லிட்டீங்களேங்க. அதுக்கப்பறம் வெலை ஏறுமுங்களா?"

சந்தையையே தன் குரலால் நிறுத்துகிற பாப்பாயி, முந்தானை முடிச்சைப் பிடித்தபடி அங்கேயே அழுதாள்.