கூடாரத்துக்கு எவ்வளவு துணி

பக்கத்து வீட்டுப் பெண் நேற்று ஏதோ அட்டை வேலைக்காக மைதாப் பசை காய்ச்சினாள். வாசனை வந்ததுதான் தாமதம், எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அறுபதுகளில் ஒரு காலை, விழுப்புரத்திலிருந்து கிளம்பிய பாசஞ்சரில் இப்படித்தான் தவித்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியப் பயிற்சியின் கடைசித் தேர்வு. திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில், தேர்வாளர் முன்னால் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். உருளைமேல் கூம்பு வைத்த கூடாரத்துக்கு எவ்வளவு துணி வேண்டும், அதுதான் பாடம். துணைக்கு வந்த அப்பா ரயில் ஏறும்போதே சொல்லிவிட்டார்: "இதுல போச்சுன்னா தையில அந்தக் கெடார் ஊரு மாப்ளைக்கு முடிச்சுடுவேன். அப்பறம் அழுதுக்கினு நிக்காத." மாப்பிள்ளை நல்லவர்தானாம். எனக்குத்தான் சாக்பீஸ்மேல் ஆசை.

மடியில் நான் செய்த அட்டைக் கூடாரம். மைதா தீர்ந்துபோய்க் கேப்பைக் கூழைத் தடவி ஒட்டியிருந்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. விக்கிரவாண்டியில் ஒருவர் ஆட்டுக்குட்டியோடு ஏறினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சூத்திரங்களை முணுமுணுத்த நேரத்தில் கூம்பு குட்டியின் வயிற்றுக்குள் போய்விட்டது. "கூழு வாசனைக்குத் துன்னுடுச்சிம்மா, நான் இன்னா பண்றது" என்றார் அவர்.

திண்டிவனத்தில் இறங்கியதும் அப்பா ஒன்றுமே நடக்காதது போல மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கினார். பொட்டலத்தைப் பார்த்தேன். மல்லாட்டையை அவர் துண்டில் கொட்டிவிட்டுக் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டேன். அதைவிட நல்ல கூம்பு அந்த நேரத்தில் எங்கே கிடைக்கும்?

வகுப்பில் அதை ஓரம் கத்தரித்து விரித்து, கூம்பின் வளைபரப்பு வட்டத்தில் ஒரு துண்டுதான் என்று காட்டினேன். அதுவரை சரி. படபடப்பில், கூம்பும் உருளையும் சேரும் இடத்து வட்டத்தையும் துணிக்கணக்கில் சேர்த்துக் கரும்பலகையில் எழுதிவிட்டேன். மூன்றாவது பெஞ்சில் அலமேலு என்ற பெண் எழுந்தாள்.

"நடுவுல எதுக்கு டீச்சர் துணி? உள்ள போறவங்க தலைய இடிச்சுக்கறதுக்கா?"

வகுப்பு சிரித்தது. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போலத் தலையாட்டிவிட்டு வட்டத்தை அழித்தேன். மாணவியிடமிருந்தே விடையை வரவழைத்த விதம் அருமை என்று தேர்வாளர் பாராட்டினார். தேறிவிட்டேன். கெடார் பேச்சை அப்பா அத்தோடு விட்டார்.

ஜூனில் அதே பள்ளியில் வேலை கிடைத்தது. முதல் நாள் நுழைந்ததும் அலமேலுவைத்தான் தேடினேன்.

"அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சி டீச்சர். வானூர் பக்கம் குடுத்துட்டாங்க" என்றாள் அவளோடு படித்த ஒருத்தி.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் இன்றுவரை தெரியவில்லை. வானூர் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம், என்னைவிடச் சில வயது இளையவர்கள் ஏறினால் உற்றுப் பார்க்கிறேன். அவள் குரல் அப்படியே காதில் இருக்கிறது. முகம் எப்போதோ மறந்துவிட்டது.